யானை வரும் ஊரில் தெர்மல் வாங்கப் போகிறீர்களா? முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெர்மல் என்பது உடம்பின் சூட்டை வைத்து இருட்டில் விலங்கைக் காட்டுகிற கருவி. அதன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '1,200 மீட்டர்' என்று போட்டிருக்கும். புதிதாகத் தெர்மல் வாங்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், வாங்கிய வாரமே எனக்குப் போன் செய்து "அண்ணா, நூத்தம்பது மீட்டர்ல நிக்கிறது பன்னியா நாயான்னே தெரியல" என்கிறார்கள். கருவி மேல் தப்பு இல்லை. அந்த எண் நமக்காக எழுதப்பட்டது இல்லை.

இந்தக் கையடக்கத் தெர்மல் கருவிகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் உள்ள வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. திறந்த புல்வெளியில், குளிர்ந்த இரவில், தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு முதல் வேலை முடிந்தது, பிறகு நிதானமாக நெருங்கிப் போவார்கள். நமக்கு அப்படி இல்லை. கோவைக்கு மேற்கே தடாகம், மருதமலை, நரசீபுரம், ஆலாந்துறை என்று மலையடிவாரம் முழுக்க, வாழைக்கும் சோளத்தட்டுக்கும் நடுவில், வெக்கை அடங்காத இரவில், முன்னால் நிற்பது என்ன, எத்தனை, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது சில நொடிகளில் தெரிய வேண்டும். தெரிந்ததும் நாம் பின்வாங்கத்தான் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள், வாங்கும் கருவியே மாறிவிடும்.

சட்டத்தை முதலிலேயே பேசிவிடலாம்

இந்தியாவில் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. கொல்வது மட்டும் இல்லை, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிக்க முயற்சி செய்வது எல்லாமே 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வருகின்றன. பன்றி வாழையைச் சாய்க்கிறது என்பதற்காக அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து, பல நாள் தின்ன முடியாமல் அலைந்து சாகிறது. தெர்மல் வாங்குவது அந்த மாதிரி ஒரு வேலைக்கு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

துப்பாக்கியில் மாட்டுகிற தெர்மல் ஸ்கோப் பக்கமே போக வேண்டாம். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மோனோகுலர் போதும். வாங்கியதும் பில்லைப் பத்திரமாக வையுங்கள், அப்புறம் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய், "இப்படி ஒன்று வாங்கியிருக்கிறோம், எங்கள் பட்டா நிலத்துக்குள் காவலுக்கு வைத்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காட்டோரத்தில் தெர்மலோடு நிற்கிற ஆளைப் பார்த்தால் வேட்டைத் தடுப்புக் காவலருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும், அது அவர் வேலை. நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அவரே உங்களிடம் "இன்னைக்கு எந்தப் பக்கம் பார்த்தீங்க?" என்று கேட்கத் தொடங்குவார். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தனிக் குற்றம், கையில் என்ன கருவி இருந்தாலும் எல்லைக் கல்லோடு நின்றுகொள்ளுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம் "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லாதீர்கள். அந்த நாட்டில் தெர்மல் கருவிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ் வருகின்றன. கடையில் சாதாரணமாக விற்கிற பல மாடல்களைக்கூட உரிமம் இல்லாமல் வெளியே எடுத்துப் போனால் எடுத்துப் போனவர் மாட்டிக்கொள்வார்.

வாங்குவதற்கு முன் உங்கள் நிலத்தை அளங்கள்

சரி, கருவிக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் பகலில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் ராத்திரி நிற்கும் இடம் எதுவோ, சாளைத் திண்ணையோ பரணோ மொட்டை மாடியோ, அங்கே நின்று எல்லா வேலியோரமும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். போனில் உள்ள வரைபடத்திலேயே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தூரம் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 142 மீட்டர்தான். ஓடை, பள்ளம், பக்கத்துத் தோட்டம் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 300 மீட்டருக்கு மேல் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நடுவில் தென்னையும் வாழையும் மறைத்துவிடும். உங்களுக்கு வேண்டிய தூரம் இதுதான். பெட்டியில் போட்டிருக்கும் 1,200-ஐ இங்கேயே மறந்துவிடுங்கள்.

அந்த 1,200 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் என்பவர் ஒரு அளவுகோலை முன்வைத்தார். ஒரு பொருளின் குறுகிய பக்கத்தில் ஒரு கோட்டு இணை, அதாவது இரண்டு பிக்சல் (படத்தின் புள்ளி) விழுந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று தெரியும். நான்கு கோட்டு இணை, எட்டுப் பிக்சல் விழுந்தால் 'இன்ன வகை' என்று புரியும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். கம்பெனிகள் பெட்டியில் போடுவது முதல் வகை. ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு மனிதன், எதிரே மறைப்பு எதுவும் இல்லாமல், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் தூரம். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை.

கணக்கு, ஆனால் சின்னக் கணக்கு

உள்ளே சென்சார் இருக்கிறது, முன்னால் லென்ஸ் இருக்கிறது. சென்சாரில் எத்தனை பிக்சல் என்பது 256×192, 384×288, 640×512 என்று எழுதியிருக்கும். இப்போது வருகிற பெரும்பாலான சென்சாரில் ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரான். லென்ஸின் குவிதூரம் 10, 15, 19, 25, 35, 50 மி.மீ. என்று வரும்.

இதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்: 120-ஐ லென்ஸின் குவிதூரத்தால் வகுத்தால், நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்று வரும். 10 மி.மீ. லென்ஸ் என்றால் 12 செ.மீ., 15 என்றால் 8, 25 என்றால் 4.8. பழைய மாடல்களில் 17 மைக்ரான் சென்சார் இருக்கும், அதற்கு 120-க்குப் பதில் 170 போடுங்கள்.

இனி விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். காட்டுப்பன்னி தோராயமாக 70 செ.மீ. உயரம். எட்டுப் பிக்சல் வேண்டும் என்றால் 10 மி.மீ. லென்ஸில் 73 மீட்டர் வரைக்கும், 15-இல் 110 வரைக்கும், 25-இல் 180 வரைக்கும் அது பன்னிதான் என்று சொல்லலாம். இரண்டரை மீட்டர் யானைக்கு அதே லென்ஸ்களில் 260, 390, 650 மீட்டர். ஈரக்காற்றில், செடி மறைப்பில் இதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், என் அனுபவம் அதுதான். அப்படிப் பார்த்தாலும் சின்ன லென்ஸே யானைக்கு நூறு மீட்டருக்கு மேல் கொடுத்துவிடுகிறது.

"அப்போ பெரிய லென்ஸ் வாங்கினா இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். லென்ஸ் பெரிதாக ஆக, பார்வை அகலம் சுருங்கும். 384 சென்சாரில் 25 மி.மீ. லென்ஸ் போட்டால் நூறு மீட்டரில் 18 மீட்டர் அகலம்தான் தெரியும், ஐம்பது மீட்டரில் 9 மீட்டர். ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்த மாதிரி இருக்கும். நீங்கள் ஒரு யானையைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள், அதன் வலப்பக்கம் பத்து மீட்டரில் நிற்கிற தாயும் குட்டியும் அந்தக் குழாய்க்கு வெளியே இருப்பார்கள். என் சித்தப்பா மகனுக்கு இது நடந்திருக்கிறது. 35 மி.மீ. லென்ஸ் வைத்த கருவியில் தூரத்தில் நின்ற கொம்பனையே பார்த்துக்கொண்டு இருந்தவனை, கிட்டத்தில் வாழை முறிகிற சத்தம் கேட்டு அவன் மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 256 சென்சாருக்கு 10 மி.மீ., 384-க்கு 15 மி.மீ., 640-க்கு 25 மி.மீ. என்று எடுத்தால் மூன்றுமே நூறு மீட்டரில் ஏறக்குறைய 31 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். அகலம் ஒன்று, ஆனால் ஒரு பிக்சல் மூடுவது முறையே 12, 8, 4.8 செ.மீ. அதிகம் கொடுக்கிற காசு இந்தத் தெளிவுக்குத்தான் போகிறது. முதலில் அகலத்தைத் தீர்மானியுங்கள், நூறு மீட்டருக்கு 25 முதல் 31 மீட்டர் வரை காவலுக்கு நன்றாக இருக்கும், அப்புறம் கையில் உள்ள பணத்துக்கு ஏற்றபடி சென்சார்.

என் கருத்து இது: வீட்டையும் ஒன்றிரண்டு ஏக்கரையும் பார்ப்பதற்கு 256-உம் 10 மி.மீ.யும் போதும். ஐந்து பத்து ஏக்கர் தோட்டத்துக்கு 384-இல் 15 அல்லது 19 மி.மீ. நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குவதாக இருந்தால், மேட்டில் நின்று பள்ளம் முழுவதையும் பார்க்கிற மாதிரி இடம் இருந்தால், 640-இல் 25 அல்லது 35. அதற்கு மேல் 50 மி.மீ. எல்லாம் நம் வேலைக்குத் தேவையில்லை. தெர்மல் லென்ஸ் ஜெர்மானியம் என்ற உலோகப்போலியில் செய்யப்படுவது, சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிரை விடாது, அதனால் லென்ஸ் பெரிதாகும்போது விலையும் தாவித் தாவி ஏறும்.

டிஜிட்டல் ஜூம் 8 மடங்கு, 16 மடங்கு என்று விளம்பரம் செய்வார்கள். அது இருக்கிற பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

எண்களில் இன்னும் இரண்டு

என்.இ.டி.டி. என்று ஒன்று போட்டிருப்பார்கள், மில்லி கெல்வினில். எவ்வளவு சின்ன வெப்ப வித்தியாசத்தைக் கருவி பிரித்துப் பார்க்கும் என்பது அதற்கு அர்த்தம், எண் குறைவாக இருப்பது நல்லது. 25 என்றால் ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்கு. மழை பெய்து ஓய்ந்த இரவில் மண், செடி, கல் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும், படம் சாம்பல் பூசின மாதிரி மட்டமாகிவிடும். ஜூன் தொடங்கி நவம்பர் வரை மாறி மாறி மழை வாங்குகிற அடிவாரத்தில் இந்த எண் முக்கியம். 50 போட்டிருந்தால் விடுங்கள், 25-க்குப் பக்கத்தில் தேடுங்கள்.

நொடிக்கு எத்தனை படம் என்பது இன்னொன்று. 25 ஹெர்ட்ஸுக்குக் குறையக் கூடாது, 50 என்றால் இன்னும் சுகம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காகவே 9 ஹெர்ட்ஸில் நிறுத்திய கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அதை வைத்து வேலியோரம் முழுவதையும் இடமிருந்து வலமாக ஒரு சுற்றுப் பார்த்தால் படம் இழுத்து இழுத்து வரும், கண் வலிக்கும், ஓடுகிற விலங்கு கோடாகத் தெரியும்.

மாற்றிவாங்கி ஏமாறும் சாமான்கள்

எலக்ட்ரிகல் வேலைக்கு, பேனல் போர்டில் சூடு பார்க்க, தெர்மல் கேமரா விற்கிறார்கள். அதே 256 சென்சார், விலையும் குறைவு. போனில் சொருகுகிற சின்ன டாங்கிளும் அப்படித்தான். அவற்றின் லென்ஸ் 3, 4 மி.மீ.தான். மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: 3.2 மி.மீ. என்றால் நூறு மீட்டரில் ஒரு பிக்சல் 37 செ.மீ. அங்கே ஒரு பன்னி இரண்டு பிக்சல். வீட்டு வாசலில் இருந்து கேட் வரைக்கும் பார்க்கலாம், அவ்வளவுதான்.

'நைட் விஷன்' என்று விற்பது வேறு சாமான். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்க்கிறது. முகம், கொம்பு, உரோமம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும், ஆனால் செடிக்குப் பின்னால் அசையாமல் நிற்பதை அது காட்டாது, முன்னால் இருக்கிற இலையிலேயே வெளிச்சம் பட்டுத் திரும்பிவிடும். தெர்மல் எந்த வெளிச்சத்தையும் அடிப்பதில்லை, உடம்பில் இருந்து வருகிற சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் சிறுத்தையோ கடமானோ நீங்கள் பார்ப்பதை அறிவதே இல்லை. இலை இடுக்கு வழியாக ஒரு துண்டு உடம்பு தெரிந்தாலும் பளிச்சென்று காட்டும். ஆனால் சுவரையோ அடர்ந்த புதரையோ ஊடுருவாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் உங்கள் முகத்தின் பிரதிபலிப்புதான் தெரியும். ஜீப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்க முடியாது.

ட்ரோன் வாங்கலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். காட்டுக்கு மேல் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, சத்தத்தில் யானை மிரண்டு ஊருக்குள் ஓடினால் யார் பொறுப்பு? வனத்துறை செய்யட்டும்.

கடையில் நின்று செய்ய வேண்டியது

கடைக்காரர் உங்களைக் காட்டி, "பாருங்க சார், எவ்வளவு தெளிவு" என்பார். ஏ.சி. அறையில் மனித உடம்பு எந்தக் கருவியிலும் தெளிவாகத்தான் தெரியும். அந்திக்குப் போய், கருவியை வெளியே எடுத்து வந்து, மரங்களையும் தூரத்துக் கட்டடத்தையும் பாருங்கள். ஆள் இல்லாத காட்சியில் கிளை கிளையாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல சென்சார். உள்ளங்கையைச் சுவரில் ஐந்து நொடி அழுத்தி எடுத்துவிட்டுப் பாருங்கள், கையின் தடம் வெள்ளையாக நின்று மெல்ல மறையும். எவ்வளவு நேரம் அந்தத் தடம் தெரிகிறது என்று இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எண்களைவிட நன்றாகப் புரியும்.

அவ்வப்போது உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்டுப் படம் ஒரு கணம் உறையும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள், சென்சார் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஆனால் எத்தனை நொடிக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் உறைகிறது என்று பாருங்கள். கைமுறையாக வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது, யானை நகர்கிற நேரத்தில் படம் நிற்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களை அழுத்திப் பாருங்கள். இருட்டில் அப்படித்தான் அழுத்தப் போகிறீர்கள். நாலு பட்டன் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தால் வேண்டாம். திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க முடிகிறதா என்பது அதைவிட முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். தண்ணீர், தூசிக்கு ஐ.பி. 67 தரம் இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். 18650 என்ற உருளை பேட்டரி எங்கும் கிடைக்கும். அட்டையில் 'எட்டு மணி நேரம்' என்று போட்டிருந்தால், வைஃபை, வீடியோ எல்லாவற்றையும் அணைத்து வைத்த கணக்கு அது. இரவு என்பது பன்னிரண்டு மணி நேரம், யானை பெரும்பாலும் உங்கள் பேட்டரி தீர்ந்த பிறகுதான் வரும் என்று நினைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

பல்சர், ஹிக்மைக்ரோ, இன்ஃபிரே, கைடு என்று பெயர்கள் நிறையச் சுற்றுகின்றன. நான் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதில்லை. உள்ளூரில் யார் பழுது பார்ப்பார்கள், கருவியை வாங்கி அனுப்பினால் எத்தனை வாரத்தில் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய கருவி மூன்றாவது மாதம் நின்றுபோனது, விற்றவர் போனை எடுக்கவில்லை, அந்த மக்காச்சோளப் பருவம் முழுக்கப் பழையபடி டார்ச்சும் தகர டப்பாவுமாகக் கழிந்தது.

முதல் பத்து இரவுகள்

வாங்கினவுடனே யானை தேடப் போகாதீர்கள். உங்கள் மாடு, நாய், பக்கத்து வீட்டு ஆடு, இவற்றை வெவ்வேறு தூரத்தில் பார்த்துப் பழகுங்கள். பகலில் அளந்து வைத்த தூரங்கள் இப்போது உதவும்: மூன்றாவது தென்னை எண்பது மீட்டர், மோட்டார் கொட்டகை நூற்றைம்பது. தெர்மலில் நிழலும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் தூரம் கண்ணை ஏமாற்றும். கிட்டே நிற்கிற முயல் தூரத்து மானாகத் தெரியும். லேசர் தூரமானி உள்ள மாடல் என்றால் கவலை இல்லை, இல்லாவிட்டால் இந்த அடையாளங்கள்தான் அளவுகோல்.

பகல் சூட்டைக் குடித்த பாறை ராத்திரி ஒன்பது பத்து மணி வரைக்கும் பளபளவென்று வெள்ளையாக நிற்கும். முதல் வாரம் நான் இரண்டு யானை படுத்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை எழுப்பிவிட்டேன். அவர் கருவியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, அது நம்ம கல்லுங்க. காத்தால போய்ப் பாருங்க" என்றார். தகரக் கூரை இதற்கு நேர் எதிர், உலோகம் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால் கறுப்புப் பள்ளம் மாதிரித் தெரியும். தண்ணீர்த் தொட்டி விடிய விடிய வெதுவெதுப்பாக நிற்கும்.

பாறையும் மண்ணும் ஆறிப்போகிற பின்னிரவு, விடிகிற வரைக்கும், தெர்மலுக்கு அருமையான நேரம். ஜெர்மனியில் மே, ஜூன் மாதங்களில் புல் அறுக்கும் முன் விடியற்காலையில்தான் தெர்மல் ட்ரோனை அனுப்பி, புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கிற மான் குட்டிகளைத் தேடி எடுத்து ஓரமாக வைக்கிறார்கள். தரை குளிர்ந்திருக்கிற நேரம் அது. வெயில் ஏறிவிட்டால் அத்தனையும் ஒரே வெள்ளை.

யானை எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் முதலில் பார்க்கிற எல்லாரும் குழம்புகிறார்கள். பன்னி என்றால் முழு உடம்பும் வெள்ளையாக, கால்கள் குட்டையாக, தலை தரையோடு தரையாக, வேகமாக நகரும். யானை அப்படி ஒரே வெள்ளையாக நிற்காது. மண்ணை வாரிப் பூசியிருந்தால் உடம்பின் பெரும்பகுதி மங்கலாக, பின்னால் இருக்கிற செடியோடு ஒட்டிக் கிடக்கும். ஓடையில் இறங்கி வந்த யானை திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். அதற்குள் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை விசிறி ஒன்று அசைந்து அசைந்து மங்கும், மறுபடி வெளுக்கும். அதுதான் காது. உடம்புச் சூட்டை யானை காது வழியாக வெளியேற்றுகிறது, ரத்தம் பாய்கிறபோது வெளுக்கும். பெரிய மங்கல் சுவர் ஒன்றையும் அதில் அசைகிற ஒரு வெள்ளைத் துண்டையும் பார்த்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், பின்வாங்குங்கள்.

வண்ணத் தட்டு, அதாவது படத்தைக் காட்டுகிற நிற வகை, பத்து இருக்கும். 'ஒயிட் ஹாட்', சூடானது வெள்ளை, அதோடு பழகுங்கள். வானவில் நிறம் படம் எடுத்துப் போட அழகு, காவலுக்கு உதவாது. கண் கூசாமல் இருக்கச் சிவப்புத் தட்டும் நல்லது.

திரை வெளிச்சம் ஏன் முக்கியம் என்றால், அந்தச் சின்னத் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் அந்தக் கண்ணுக்கு எதிரில் எதுவும் தெரியாது. இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள், எப்போதும் ஒரே கண்ணால் பாருங்கள், இன்னொரு கண்ணைத் திரைக்குக் காட்டாமல் வையுங்கள், அந்தக் கண்தான் வீட்டுப் படியைக் காட்டும். நடந்துகொண்டே தெர்மலில் பார்க்கவே கூடாது. யானை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வரும். நூறு மீட்டரைக் கடக்கப் பதினைந்து நொடி கூட ஆகாது. கருவியைக் கண்ணில் இருந்து எடுத்து, கதவு எந்தப் பக்கம் என்று தேடவே அதில் பாதி போய்விடும். முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு, அல்லது ஏறி நிற்க ஒரு மாடி, இல்லாத இடத்தில் நின்று தெர்மலைக் கண்ணில் வைக்காதீர்கள்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். மறந்தும் சூரியனைப் பார்க்க வைக்காதீர்கள், சென்சாரில் தழும்பு விழும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

வெளிநாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு

வேட்டை உரிமத்தோடு இருக்கும் தமிழர்கள் சிலரும் இதைக் கேட்கிறார்கள். கையில் வைத்துப் பார்க்கிற மோனோகுலருக்கும் துப்பாக்கியில் மாட்டுகிறதற்கும் பெரும்பாலான நாடுகளில் சட்டம் வேறு வேறு. இங்கிலாந்தில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உதிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை மான் சுடக் கூடாது, எந்தத் தெர்மல் வைத்திருந்தாலும். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அமெரிக்காவிலும் அப்படித்தான், டெக்சாஸில் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு இரவில் அனுமதி உண்டு என்பதை வைத்து இன்னொரு மாநிலத்தில் போய் நிற்கக் கூடாது. கருவி வாங்கும் கணக்கு உங்களுக்கும் இதேதான், பார்வை அகலம் முதலில். வெள்ளைப் புள்ளியைப் பார்த்துச் சுடாதீர்கள். புதருக்குள் படுத்திருக்கிற மனிதனும் தெர்மலில் ஒரு வெள்ளைப் புள்ளிதான்.

பார்த்தபிறகு

இந்தத் தொழில்நுட்பம் உயிர் காக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்துக் கிடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தண்டவாளத்தை ஒட்டிப் பன்னிரண்டு கோபுரங்கள் நிறுத்தி, தெர்மல் கேமராக்களோடு, யானை கிட்டே வந்தாலே எச்சரிக்கை போகிற ஏற்பாட்டை வனத்துறை தொடங்கியது. வால்பாறையில் யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதும், செல்போனால் இயக்குகிற சிவப்பு விளக்கை எரியவிடுவதும் அதற்கு முன்பே வந்துவிட்டன. அங்கே வேலை செய்வது தகவல். யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மனிதர் அந்தப் பக்கம் போவதில்லை.

அதனால் தெர்மலில் பார்த்ததும் பட்டாசைத் தேடாதீர்கள், வீடியோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். இடம் தெரிந்தால் நாலு ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். வனச்சரக எண்ணுக்குப் போன் போடுங்கள், அப்புறம் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் குழுவில் நாலு விவரம் மட்டும் போடுங்கள்: நேரம், இடம், எத்தனை உருப்படி, எந்தப் பக்கம் போகிறது. பால் கறக்க விடியுமுன் கிளம்புகிறவர்களும், முதல் பஸ்ஸுக்கு நடந்து போகிற பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். எங்கள் குழுவில் போன வாரம் வந்த செய்தி இது: "2.40. பள்ளத்தோரம், மாரியம்மன் கோயிலுக்குக் கீழ. மூணு பெருசு, ஒரு குட்டி. வடக்க போகுது. பால்காரண்ணா, அஞ்சரைக்கு மேல வாங்க."